தலசீமியா ட்ரெய்ட்: பரிசோதனை கர்ப்பத்திலா, கல்யாணப் பேச்சிலா, அதற்கும் முன்பா?

ரத்தப் பரிசோதனை முடிவில் ‘பீட்டா தலசீமியா ட்ரெய்ட்’ என்று வந்தால் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்பது, இது வியாதியா என்பதுதான். வியாதி இல்லை. ஹீமோகுளோபினை உருவாக்கும் பீட்டா ஜீன் 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என எல்லோருக்கும் இரண்டு பிரதிகள். அதில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் அது ட்ரெய்ட். அப்படிப்பட்டவர் வலை இழுக்கலாம், கடலில் மூழ்கிப் பாசி எடுக்கலாம், பிள்ளை பெறலாம். ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவும் சிவப்பணுக்கள் அளவில் சிறியதாகவும் இருக்கும், அவ்வளவுதான்.

கணவன், மனைவி இருவருக்கும் ட்ரெய்ட் இருந்தால்தான் கதை மாறும். அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் தலசீமியா மேஜர் (இரண்டு பிரதியும் பழுதாகி வரும் கடுமையான ரத்தசோகை நோய்) வர 25 சதவீதம், ட்ரெய்ட் வர 50 சதவீதம், எதுவும் இல்லாமல் பிறக்க 25 சதவீதம் வாய்ப்பு. இதை நாலு பிள்ளையில் ஒன்று என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. முதல் பிள்ளை நன்றாகப் பிறந்தாலும் அடுத்த கர்ப்பத்துக்கும் அதே 25 சதவீதம்தான். மேஜர் உள்ள குழந்தை 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் வெளுத்துப்போகும். அதன் பிறகு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அந்த ரத்தத்தோடு உடலில் சேரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும் என்பதால் அதை வெளியேற்ற டெஃபெராசிராக்ஸ் போன்ற மருந்தும் தொடர்ந்து வேண்டும். ராமேஸ்வரம் தீவில் இருக்கும் ஒரு குடும்பம் ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ ஆயுள் முழுக்க இப்படி அலைவது எவ்வளவு பெரிய பாரம் என்று கடலோரத்து மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனவே பரிசோதனை அவசியமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்போது செய்வது என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கர்ப்பத்தில் சோதிப்பது

இப்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது ரத்தம் எடுக்கிறார்கள், ஹீமோகுளோபின் 9 என்று வருகிறது, இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அடுத்த மாதமும் ஏறவில்லை. அப்புறம்தான் யாராவது எம்.சி.வி. அளவை, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் கவனிப்பார்கள். அது 80-க்குக் கீழேயும் எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் அளவு) 27-க்குக் கீழேயும் இருந்தால், ஹீமோகுளோபினை வகை பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் எச்.பி.ஏ.2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பீட்டா தலசீமியா ட்ரெய்ட் என்று அர்த்தம். மனைவிக்கு உறுதியானதும் கணவனைக் கூப்பிட வேண்டும். அவர் கீழக்கரையிலிருந்து துபாய்க்குப் போயிருப்பார், இல்லையென்றால் பாம்பனிலிருந்து கடலுக்குப் போயிருப்பார். அவருக்கும் ட்ரெய்ட் என்று தெரிந்தால், இருவரின் ஜீனிலும் பழுது எங்கே இருக்கிறது என்று டி.என்.ஏ. பரிசோதனையில் கண்டுபிடித்தாக வேண்டும். அது தெரியாமல் கருவைச் சோதிக்க முடியாது. நஞ்சுத் திசு (நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கு) எடுக்கும் சோதனையை 11 முதல் 14 வாரத்துக்குள் செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் சோதனை. முடிவு வரும்போது தாய்க்குக் குழந்தையின் அசைவே தெரிய ஆரம்பித்திருக்கலாம்.

கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருவில் கடுமையான குறைபாடு இருப்பது உள்ளிட்ட சில காரணங்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரு பெண்ணிடம் முடிவெடுக்கச் சொல்வது கொடுமை.

கல்யாணப் பேச்சில் சோதிப்பது

இது எவ்வளவோ மேல். சவுதி அரேபியாவில் 2004 முதல் அந்நாட்டுக் குடிமக்கள் கல்யாணத்துக்கு முன் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். முடிவு எதுவானாலும் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம். வளைகுடாவில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இது தெரிந்த செய்திதான்.

ஆனால் நம் பக்கத்தில் ஒரு குறை உண்டு. பெண் பார்த்துவிட்டார்கள், பரிசம் பேசிவிட்டார்கள், ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் பரிசோதனைச் சீட்டு வந்தால் அது பெண்ணின் மேல் தீர்ப்பாக மாறிவிடுகிறது. ‘பெண்ணுக்கு ரத்தத்தில் கோளாறாம்’ என்ற பேச்சு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக ஒரு பொழுது போதும். மாப்பிள்ளைக்கும் அதே ட்ரெய்ட் இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருக்கும்போதும், வெளிநாட்டுப் பையன் ஒரு மாத விடுப்பில் வரும்போதும் அவசரமாகக் கல்யாணம் முடிப்பது இங்கே வழக்கம். அந்த அவசரத்தில் பரிசோதனைக்கு யாரும் நாள் ஒதுக்குவதில்லை.

அதற்கும் முன்பே சோதிப்பது

என் பரிந்துரை இதுதான். பதினெட்டு, இருபது வயதில், எந்தச் சம்பந்தமும் பேசப்படாத காலத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி ஒருமுறை எச்.பி.எல்.சி. செய்துவிட வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருக்கும் 61 நாள் தடைக்காலம் கடலோரத்து இளைஞர்களுக்கு இதற்கு நல்ல வாய்ப்பு. ஜீன் மாறாது என்பதால் சரியாக எடுத்த முடிவு ஆயுளுக்கும் செல்லும். சரியாக எடுப்பதற்கு இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு கடுமையாக இருந்தால் எச்.பி.ஏ.2 அளவு குறைந்து ட்ரெய்ட் மறைந்துகொள்ளலாம், அதனால் உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் முடிவை நம்பக் கூடாது.

சொந்தத்தில் கட்டுபவர்களுக்கு இந்த வழியின் பயன் இன்னும் அதிகம். இந்தியாவில் பொதுவாக நூறில் 3, 4 பேருக்கு பீட்டா தலசீமியா ட்ரெய்ட் இருப்பதாகச் சொல்வார்கள். பெற்றோரில் ஒருவர் வழியாக ட்ரெய்ட் வந்த ஒருவர் உடன்பிறந்த அக்காள் மகளைக் கட்டினால், அவளுக்கும் அதே பழுது இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகள், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. சொந்தத்தையே விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முறைப்பெண்ணுக்கு ட்ரெய்ட் இல்லை என்று தெரிந்தால் மேஜர் பற்றிய பயமே வேண்டாம். ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைக்கு ட்ரெய்ட் வரலாம், மேஜர் வராது.

சிக்கிள் செல், எச்.பி.இ. என்ற பெயர்களில் வேறு ட்ரெய்ட்களும் உண்டு. ஒருவருக்குச் சிக்கிள், மற்றவருக்கு பீட்டா தலசீமியா என்றிருந்தாலும் பிள்ளைக்கு நோய் வரலாம். பெயர் வேறாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இருவருக்கும் இருந்து, கல்யாணமும் ஆகிவிட்டால்

கரு உண்டாவதற்கு முன்பே இருவரின் டி.என்.ஏ. முடிவையும் கையில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகு இரண்டு வழிகள் முக்கியம்.

ஒன்று, இயல்பாகக் கருத்தரித்து 11 வாரத்தில் நஞ்சுத் திசு சோதனை. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் செய்கிறார்கள். கரு கலையும் அபாயம் நூறில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம் பார்ப்பதைத்தான் தடுக்கிறது. ஹீமோகுளோபின் நோய்களுக்காகக் கருவைச் சோதிக்க அதே சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. இது தெரியாமல் பயந்து ஒதுங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு, சோதனைக்குழாய் முறையில் கருக்களை உருவாக்கி, மேஜர் இல்லாத கருவை மட்டும் கருப்பையில் வைப்பது. கலைக்கும் கேள்வி எழாது. ஆனால் செலவு லட்சங்களில் போகும், பெருநகரத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், ஒரே சுற்றில் கரு தங்கும் என்ற உறுதியும் இல்லை. அன்றாடம் கடலுக்குப் போய்ப் பிழைக்கும் குடும்பத்துக்கு இதை முதல் வழியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மனசாட்சியின் கணக்கும் இதில் இருக்கிறது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இரண்டு வழியும் கடினம். கருக்கலைப்பையும் சோதனைக்குழாய் முறையையும் திருச்சபை ஏற்பதில்லை. கீழக்கரை, தொண்டி முஸ்லிம் குடும்பங்களைப் பொறுத்தவரை, கரு கடுமையாகப் பாதிக்கப்பட்டது உறுதியானால் 120 நாளுக்குள் கலைக்கலாம் என்று மக்காவின் ஃபிக்ஹ் பேரவை (இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் குழு) 1990-இல் முடிவு சொல்லியிருக்கிறது. மருத்துவர்கள் கணக்கிடும் முறையில் அது சுமார் 19 வாரம். நஞ்சுத் திசு சோதனை அதற்குள் அடங்கும், தாமதமாகச் செய்யும் பனிக்குட நீர் சோதனை அடங்காமல் போகலாம். முன்கூட்டியே சோதித்துக்கொள்வதற்கு மட்டும் எந்த மதத்திலும் தடை இல்லை. அதனால்தான் அதை முதலில் வைக்கிறேன்.

பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். அது உண்மையான சிகிச்சைதான். ஆனால் உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த ஒவ்வொருவருக்கும் 25 சதவீத வாய்ப்புதான். சிறு வயதிலேயே செய்தால் பலன் அதிகம். கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால சேவா திட்டம் 2017 முதல் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ஏற்கெனவே மேஜருடன் குழந்தை இருப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு ட்ரெய்ட் என்று தெரிந்தால் அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அந்தச் சீட்டைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். கத்தாரில் இருக்கும் தம்பி அடுத்த விடுப்பில் வந்ததும், பெண் பார்க்கும் பேச்சு தொடங்கும் முன்னே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும்.