கராஜ் தட்டைக் கூரை: வாட்டத்தைக் கட்டைக்குக் கொடுப்பதா, கட்டையின் மேல் கொடுப்பதா?

இங்கிலாந்தில் வீட்டோடு ஒட்டியோ தள்ளியோ நிற்கும் பழைய ஒற்றைக் கார் கராஜ்கள் பலவற்றுக்கும் ஒரே உடம்புதான். அரைச் செங்கல் கனத்தில் சுவர், இடையிடையே பிதுங்கிய தூண், மேலே மர ஜாய்ஸ்ட் (கூரையைத் தாங்கும் உத்தரக் கட்டை), மரச் சில்லுகளை ஒட்டி அழுத்திய சிப்போர்ட் பலகை, அதன்மேல் தார் ஏற்றிய ஃபெல்ட் விரிப்பு. ஃபெல்ட் வெடித்து, சிப்போர்ட் தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஆனபிறகுதான் பலரும் கூரையை நிமிர்ந்து பார்க்கிறோம். பில்டரைக் கூப்பிட்டால் ரப்பரா, ஃபைபர்கிளாஸா, ஃபெல்ட்டா என்றுதான் பேச்சைத் தொடங்குவார். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடப்போகிறது, அதற்கான சரிவை, அதாவது வாட்டத்தை, எது தரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். மேலே விரிக்கும் ரப்பரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், வாட்டத்தை அப்படி மாற்றமுடியாது.

(பலகைக்குப் பதில் அலையலையான பழைய சிமெண்ட் ஷீட் இருந்தால் உடைக்கவோ துளையிடவோ வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸுக்கு இங்கே முழுத் தடை வந்தது 1999-இல்தான். அந்த ஷீட்டைச் சோதிக்கக் கொடுத்துவிட்டு மற்றதைப் பேசலாம்.)

பிரிட்டிஷ் தரநிலையான பி.எஸ். 6229, வேலை முடிந்த கூரையில் எங்கும் 1:80-க்குக் (80 மி.மீ. போனால் 1 மி.மீ. இறக்கம்) குறையாத வாட்டம் இருக்கவேண்டும் என்கிறது. அது கிடைக்க 1:40 என்று வைத்துத் திட்டமிடச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏன் இவ்வளவு இடைவெளி? மரம் வளையும். பழைய பிரிட்டிஷ் கணக்கில் ஜாய்ஸ்ட் அதன் நீளத்தில் 0.003 பங்கு தொய்யலாம். 3 மீட்டருக்கு அது 9 மி.மீ. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் நடுவில் 9 மி.மீ. தொய்ந்த கட்டையின் தாழ்ந்த முனையில் அந்த வளைவு ஏறத்தாழ 1:100 அளவுக்கு எதிர் வாட்டம் காட்டும். நீங்கள் 1:80 மட்டும் கொடுத்திருந்தால் அதில் முக்கால் பங்கு அங்கேயே போய்விட்டது. மிச்சத்தில் தண்ணீர் ஓடாது, தேங்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் நின்றால் 1 கிலோ. அந்த எடை கட்டையை இன்னும் கொஞ்சம் தொய்யவைக்கும், குட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாகும்.

இனி எதிரெதிர் வழிகளுக்கு வருவோம். உள்ளளவு சுமார் 3 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஜாய்ஸ்ட் எப்போதும் குறுகிய பக்கமாகத்தான் போகவேண்டும். நீளவாக்கில் 5 மீட்டருக்குப் போட்டால் கட்டையின் ஆழம் 220 மி.மீ. பக்கம் ஏறிவிடும், கூரைப் பாரமும் கதவுக்கு மேலே உள்ள லிண்டலில் போய் உட்காரும். அதைப் பேச்சிலேயே எடுக்கவேண்டாம்.

தண்ணீரைப் பக்கவாட்டில் ஓடவிட முடிந்தால் அதிர்ஷ்டசாலி நீங்கள். ஜாய்ஸ்ட் போகும் திசையும் தண்ணீர் போகும் திசையும் ஒன்றாகிவிடும். 3 மீட்டருக்கு 1:40 என்றால் 75 மி.மீ. உயர வித்தியாசம். இங்கே செங்கல் ஒரு வரிசை எவ்வளவு? 65 மி.மீ. கல், 10 மி.மீ. காரை, மொத்தம் 75. ஒரு பக்கச் சுவரில் ஒரே ஒரு வரிசை கல்லை ஏற்றி, ஜாய்ஸ்ட் முனைகள் உட்காரும் சுவர்க் கட்டையை அதன்மேல் படுக்கவைத்தால் வாட்டம் வந்துவிட்டது. ஜாய்ஸ்டைச் சாய்த்து வைக்க முனையில் வெட்டு எடுக்கவேண்டுமோ என்று பயப்படுவார்கள். 100 மி.மீ. அகலச் சுவர்க் கட்டையின் மேல் 1:40 சாய்வு உண்டாக்கும் இடைவெளி 2.5 மி.மீ. தான், ஒரு மெல்லிய ஆப்பு போதும்.

இதற்குப் போட்டி, ஜாய்ஸ்டை மட்டமாகவே வைத்து மேலே ஃபர்ரிங் அடிப்பது. ஒரு முனையில் 85, மறுமுனையில் 10 மி.மீ. என்று ஆப்பாக அறுத்த நீளக் கட்டை ஒவ்வொரு ஜாய்ஸ்டின் முதுகிலும் ஏறும். மரக்கடையில் அளவு சொன்னால் ஒரே கட்டையைக் குறுக்குச் சாய்வாக அறுத்து இரண்டாகத் தருவார்கள். பழைய ஜாய்ஸ்ட் நன்றாக இருந்தால் இதுதான் வழி, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. நன்றாக இருக்கிறதா என்று நடுவில் தட்டிப் பார்த்துப் பயனில்லை. சுவருக்குள் போகும் முனையில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள், உளுத்த மரத்தில் தயங்காமல் இறங்கும். முனைகள் உளுத்து எல்லாவற்றையும் புதிதாகவே போடுகிறோம் என்றான பிறகும் மட்டமாக வைத்து ஃபர்ரிங் அடிப்பதற்குக் காரணம், உள்ளே மட்டமான சீலிங் வேண்டும் என்பது ஒன்றுதான். பெயிண்ட் டப்பாவும் ஓட்டாத சைக்கிளும் வாழும் கராஜுக்கு எதற்குச் சீலிங்? பக்கவாட்டு வாட்டம், முழுப் புதுக்கூரை என்றால் நான் செங்கல் வரிசைக்கே ஓட்டுப் போடுவேன்.

ஆனால் பக்கவாட்டில் விட எல்லோருக்கும் வழியிருக்காது. ஒரு பக்கம் அண்டை வீட்டாரின் கராஜோடு பொதுச் சுவர், மறுபக்கம் எல்லைக்கோடு என்றால் மழைநீர்ப் பீலியை எங்கே தொங்கவிடுவது? அவர் நிலத்தின் மேல் நீட்ட முடியாது. பொதுச் சுவரைத் தொட்டு வேலை என்றால் 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி முன்கூட்டியே அவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டிவரலாம். ஆகவே தண்ணீர் பின்பக்கம் போகவேண்டும். அங்கே கணக்கு தலைகீழ்.

5 மீட்டருக்கு 1:40 என்றால் 125 மி.மீ. இரண்டு பக்கச் சுவரின் தலையையும் சரிவாகக் கட்டி ஜாய்ஸ்டை இறக்கிக்கொண்டே போகலாம் என்பார்கள். கல்லை ஆப்பாக வெட்டி இரு சுவரிலும் ஒரே சரிவைக் கொண்டுவருவது நல்ல கொத்தனாருக்கே எரிச்சலூட்டும் வேலை. இங்கே ஃபர்ரிங் ஜெயிக்கிறது, அதிலும் இரண்டு வகை உண்டு. ஜாய்ஸ்ட்கள் 400 மி.மீ. இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் முந்தையதைவிட 10 மி.மீ. குறைவான பட்டையை மேலே அடித்துக்கொண்டு போகலாம். கணக்கு அழகாக வரும், ஆனால் முன்பக்கம் 47 மி.மீ. அகலக் கட்டையின் மேல் 120 மி.மீ. உயரப் பட்டை ஒற்றைக்காலில் நிற்கும். இடையில் குறுக்குக் கட்டை கொடுக்காவிட்டால் ஆடும். மற்றது, ஆப்புக் கட்டைகளை ஜாய்ஸ்டுக்குக் குறுக்கே, முன்னிருந்து பின்வரை ஓடவிடுவது. மரம் கொஞ்சம் கூடும், மெல்லிய முனையும் ஜாய்ஸ்டுக்கு ஜாய்ஸ்ட் தாங்கும் கனத்தில் இருக்கவேண்டும். ஆனாலும் பலகை ஒரே தளத்தில் படியும் என்பதால் நான் இதைத்தான் எடுப்பேன். பின்சுவர் மேல் அமரும் கடைசிக் கட்டையை மட்டும் கவனியுங்கள். அது தொய்யாது, அதற்கு முந்தைய ஜாய்ஸ்ட் தொய்யும். அங்கேதான் குட்டை கட்டும். அந்த விளிம்பைச் சில மி.மீ. கூடுதலாகவே தாழ்த்திவிடுங்கள்.

சரிவாக அறுத்த இன்சுலேஷன் பலகை மூன்றாவது வழி. கராஜை அறையாக மாற்றப் போகிறவர்களுக்கு அது பொருத்தம், கட்டட விதி அனுமதியும் அப்போது கூடவே வரும். சூடு போடாத கராஜுக்கு அந்தக் காசு வீண்.

ஜாய்ஸ்ட் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். 3 மீட்டருக்கு 47×145 மி.மீ. கட்டை, சி16 என்னும் வலிமைத் தரத்தில், எந்த அளவு எவ்வளவு நீளம் தாங்கும் என்று சொல்லும் அட்டவணையின் எல்லையை ஒட்டித்தான் நிற்கும். 47×170 எடுத்தால் ஆழம் 25 மி.மீ. தான் கூடுகிறது, விறைப்போ ஆழத்தின் முப்படியில் ஏறுவதால் 61% கூடும். நடுவில் ஒரு வரிசை குறுக்குக் கட்டை, மேலே 18 மி.மீ. ஓ.எஸ்.பி. 3 (ஈரம் தாங்கும் மரச்சீவல்) பலகை. லேசான கூரையைக் காற்று தூக்கும் என்பதால் சுவரோடு பிடித்துக்கொள்ள 2 மீட்டருக்கு ஒன்றாக இரும்புப் பட்டை.

உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக நிற்கும் கராஜ் எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தால், இங்கிலாந்தில் திட்ட அனுமதி கேட்காமல் போகக்கூடிய உயரம் 2.5 மீட்டர். பக்கவாட்டு வாட்டம் அதில் 75-ஐத் தின்னும், பின்வாட்டம் 125-ஐ. ஆழமான ஜாய்ஸ்டும் சேர்ந்தால் சில கராஜ்களில் இந்த 50 மி.மீ. வித்தியாசமே திசையைத் தீர்மானித்துவிடும்.

பலகை அடிக்கும் முன் 1.2 மீட்டர் ரசமட்டத்தை எடுத்து, தாழ்ந்த முனைக்கு அடியில் 30 மி.மீ. கட்டைத் துண்டு ஒன்றை வைத்து, ஒவ்வொரு கட்டையின் மேலும் ஓட்டிப் பாருங்கள். குமிழ் நடுவில் நின்றால் 1:40. துண்டை 15-க்கு மாற்றியும் தாழ்ந்த முனை உயர்ந்து காட்டும் இடத்தில் 1:80 கூட இல்லை. அந்தக் கட்டையை அப்போதே கழற்றிச் சரிசெய்யுங்கள்.