சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்: தடைக்காலத்தில் ஊர் கட்ட உட்காருகிறவர்களுக்கு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன் பக்கத்துப் பையன்கள் கேட்பது ஒன்றுதான்: லேப்டாப்பில் போட்டு விளையாட நல்ல கேம் சொல்லுங்க, நெட் இல்லாட்டியும் ஓடணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் 61 நாள் கரையில்தான் நிற்கும், வலை சரிசெய்வதும் எஞ்சின் பார்ப்பதும் போக நேரம் மிச்சம் கிடக்கும். நான் யோசிக்காமல் கைகாட்டுவது சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ், அதுவும் முதல் பாகத்தை. 2015-ல் வந்தது, பழசுதான். ஃபின்லாந்தில் இருக்கும் கொலோசல் ஆர்டர் என்ற சின்ன கம்பெனி செய்து, பாரடாக்ஸ் வெளியிட்டது. 2023 அக்டோபரில் இரண்டாம் பாகம் வந்த பிறகும் ஏன் பழசைச் சொல்கிறேன் என்றால், புதுசு கேட்கிற கிராபிக்ஸ் கார்டு நம் வீட்டு லேப்டாப்பில் இருக்காது. வேகம் நினைத்த அளவுக்கு வரவில்லை என்று செய்தவர்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் அதை வெளியிட்டார்கள். முதல் பாகம் 8 ஜிபி ராமில் ஓடிவிடும். ஊர் பெருத்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

பார்த்தால் கட்டடம் கட்டுகிற கேம் மாதிரித் தெரியும். ஆனால் வீட்டையும் கடையையும் நீங்கள் கட்டுவதே இல்லை. ரோடு போட்டு அதன் ஓரத்தில் பச்சை அடித்தால் குடியிருப்பு, நீலம் அடித்தால் கடை, மஞ்சள் அடித்தால் தொழிற்சாலை, மீதியைக் குடிவருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் கையில் இருப்பது ரோடு, தண்ணீர், கரண்ட், வரி, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி மாதிரிப் பொதுக் காரியங்கள். இதில் ரோட்டையும் தண்ணீரையும் ஒழுங்காகப் போட்டுவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அழகான கட்டடத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் நாறிவிடும், நிஜமாகவே.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன், ராமநாதபுரத்துக்காரன் வேறு எதிலிருந்து தொடங்குவான். ஆற்றங்கரையில் ஒரு பம்பு வைக்க வேண்டும், கழிவுநீரை வெளியே விட ஒரு குழாய் வாயும் வைக்க வேண்டும். கேம் தண்ணீரின் ஓட்டத்தை நிஜமாகவே கணக்குப் போடுகிறது, பம்பை வைக்கப் போகும்போது ஓடும் திசையை அம்புக்குறியாகக் காட்டும். பம்பு மேல்பக்கம், கழிவு கீழ்பக்கம். இதைத் தெரிந்துகொண்டாலே போதும், ஆனால் புதுசாக வருகிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஒரு நாள் ராத்திரி போன் போட்டு, "காக்கா (அண்ணே), ஊரே சீக்காக் கிடக்கு, ஆஸ்பத்திரி மேல ஆஸ்பத்திரி கட்டுறேன், குறைய மாட்டேங்குது" என்றான். ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கழிவுக் குழாயின் வாய் ஆற்று வளைவுக்கு மேலே இருக்கிறது, வளைவு திரும்பினதும் பம்பு. பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை வளைவைச் சுற்றி வந்து நேராகப் பம்புக்குள் போகிறது. இதற்கு எத்தனை ஆஸ்பத்திரி கட்டி என்ன செய்ய? பம்பைத் தூக்கி மேலே வைத்ததும் கொஞ்ச நேரத்தில் ஊர் தேறிவிட்டது.

கடற்கரை மேப் எடுத்தால் இன்னும் கவனமாக இருங்கள், ஓட்டமில்லாத கரையோரத்தில் கழிவை விட்டால் அது எங்கேயும் போகாமல் அங்கேயே தேங்கிப் பரவும். ஆறு இல்லாத இடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி உண்டு, நிலத்தடியிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் தொழிற்சாலைக்கும் குப்பைக் கிடங்குக்கும் பக்கத்தில் வைத்தால் அசுத்தம் மண் வழியாக அதற்குள் வந்துவிடும். மற்றபடி எங்கே நட்டாலும் நல்ல தண்ணீர்தான், போர் போட்டால் உப்பாக வருமோ என்கிற பயமே இல்லை. ஏர்வாடிப் பக்கம் யாரிடமாவது இதைக் காட்டினால் சிரிப்பார்கள்.

காசு. கையில் 70,000 கொடுத்து இறக்கிவிடுவார்கள். அனல்மின் நிலையம் ஒன்றே 19,000, காற்றாலை 6,000. முதலில் காற்றாலையே போதும், காற்று நன்றாக அடிக்கும் இடம் எது என்று மேப்பில் நிறமாகத் தெரியும். கச்சான், வாடை என்று காற்று பருவத்துக்குப் பருவம் மாறுகிற வேலை இதில் கிடையாது. காற்றாலை சத்தம் போடும், வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஜனத்தொகை ஏற ஏற கிளினிக், பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம் என்று ஒவ்வொன்றாகத் திறக்கும். திறந்த கையோடு எல்லாவற்றையும் வாங்கிப் போட்டால் பராமரிப்புச் செலவிலேயே திவால், தேவை வந்த பிறகு வாங்குங்கள். வரி 9 சதவீதத்தில் இருக்கும், 12 வரை ஏற்றினாலும் பெரிதாக முணுமுணுக்க மாட்டார்கள்.

அடுத்து ரோடு, கேமின் உயிரே இதில்தான். தொடக்கத்தில் நெடுஞ்சாலையிலிருந்து உங்கள் ஊருக்கு ஒரே ஒரு இணைப்புதான் கொடுப்பார்கள். 1988-ல் திறந்த பாம்பன் ரோட்டுப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், தீவுக்குள் போக வாகனத்துக்கு வேறு வழி இல்லை, பாலத்தின் நடுவில் நாலு பேர் காரை ஓரங்கட்டி கடலைப் படம் எடுத்தால் போதும், அந்தப் பக்கம் மண்டபம் வரைக்கும் வண்டி நிற்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை பற்றிச் சொல்லவே வேண்டாம். கேமிலும் அதேதான். வீட்டுக்குப் போகிற கார், கடைக்குச் சரக்கு ஏற்றி வருகிற லாரி, தொழிற்சாலையிலிருந்து வெளியூருக்குப் போகிற லாரி எல்லாம் அந்த ஒரு வாய்க்குள் நுழைந்து வரும். நெரிசலைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது ரோட்டை ஆறு லேன் ஆக்குவது, அதில் பிரயோஜனம் ரொம்பக் குறைவு. இந்தக் கேமில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம், எந்த முக்கில் திரும்ப வேண்டுமோ அதற்கு ஏற்ற லேனை வெகு முன்னாலேயே பிடித்துக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் இடது பக்கம் திரும்புகிறவர்கள் என்றால் மற்ற லேன்கள் காலியாகக் கிடக்க, ஒன்றில் மட்டும் ரயில் பெட்டி மாதிரி வரிசை நிற்கும்.

அதனால் அகலத்தை விடுங்கள், வழியைக் கூட்டுங்கள். காசு சேர்ந்ததும் தொழிற்சாலைப் பகுதிக்குத் தனியாக ஒரு நெடுஞ்சாலை இணைப்பு போட்டு லாரிகளை அப்படியே வெளியே அனுப்பிவிடுங்கள், அவை குடியிருப்புப் பக்கமே வரக்கூடாது. ஊருக்குள் நுழையும் முதல் சந்திப்பை ரவுண்டானாவாக வையுங்கள். பெரிய ரோட்டில் பத்தடிக்கு ஒரு குறுக்குச் சந்தைச் சேர்க்காதீர்கள், ஒவ்வொரு முக்கிலும் சிக்னல் முளைத்து வண்டி நின்று நின்று போகும். சின்னத் தெருக்கள் நடுத்தர ரோட்டில் சேரட்டும், அது பெரிய ரோட்டில் சேரட்டும். அப்புறம், ரோட்டின் இரு ஓரத்திலும் நாலு கட்ட ஆழத்துக்குத்தான் நிலம் கிடைக்கும், எனவே இணையாகப் போகும் இரண்டு தெருக்களுக்கு நடுவில் 8 கட்டம் விட்டால் ஒன்றும் வீணாகாது. நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுகிற வசதியும் உண்டு, புது மேப் தொடங்கும்போதே டிக் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் அமெரிக்கா மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பெரிய வேலை செய்தாலும் கேமை நிறுத்தி (பாஸ்) வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், குடியிருப்புத் தேவையைக் காட்டும் பச்சைக் கோடு உயர்ந்திருக்கிறது என்று பெரிய பரப்பை ஒரே மூச்சில் குடியிருப்பாக்காதீர்கள். ஒரே சமயத்தில் குடிவருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வயதில் இருப்பார்கள், ஒரே சமயத்தில் சாவார்கள். வீட்டுக்கு வீடு மண்டையோட்டுக் குறி தோன்றும், அமரர் ஊர்தி போதாது, நெரிசலில் இருக்கிற ஊர்தியும் போய்ச் சேராது, வீடுகள் காலியாகும், வரி விழும். தெருத் தெருவாகச் சேருங்கள், அது போதும்.

எனக்கு இருக்கும் குறை கடலைப் பற்றியது. அடிப்படை கேமில் கடல் என்பது பார்க்க அழகு, கப்பல் வரும், கழிவு விடலாம், அவ்வளவே. மீன்பிடித் தொழில் வேண்டுமென்றால் 2020-ல் வந்த சன்செட் ஹார்பர் டிஎல்சியை (கேமோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்பு) தனியாக வாங்க வேண்டும். அதில் நெத்திலிக்கு ஒரு துறைமுகம், சூரைக்கு ஒரு துறைமுகம் என்று இருக்கிறது, படகு போகிற வழியை நீங்களே கடலில் வரையலாம், மீன் மார்க்கெட் உண்டு. தடைக்காலம் கிடையாது, வருஷம் முழுக்கப் பிடிக்கலாம்! பேரிடர் டிஎல்சியில் சுனாமி இருக்கிறது, சூறைச்சுழல் இருக்கிறது, வானத்திலிருந்து எரிகல் கூட விழுகிறது, ஆனால் கடலிலிருந்து கிளம்பி வருகிற புயல் இல்லை. 1964-ல் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது பெரிய குறையாகத்தான் தெரியும்.

எல்லா டிஎல்சியையும் சேர்த்துக் கூட்டினால் கேமின் விலையைப் போலப் பல மடங்கு வரும், பக்கத்திலேயே போகாதீர்கள். கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி அடிக்கடி வரும், அப்போது அடிப்படை கேமை மட்டும் எடுங்கள். டவுன்லோடை ஊரில் நல்ல நெட் இருக்கும் யார் வீட்டிலாவது முடித்துவிட்டு வந்தால் பிறகு ஆஃப்லைனிலேயே ஓடும். தமிழ் கிடையாது, படக்குறிகளை வைத்தே சமாளிக்கலாம். ஒரு ஊரை ஓரளவுக்கு ஓட்டிப் பழகிய பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் பஸ், ரயில் போதாமல் தவிக்கிறவர்களுக்கு மாஸ் டிரான்சிட் டிஎல்சி, கரைக்காரர்களுக்கு சன்செட் ஹார்பர்.