அழுத்தம் ஏற்றி வால்வைச் சோதிப்பவர்கள்: ஒரு ஃபிட்டரின் மதிப்புரை

அணுமின் நிலையங்களில் மோட்டார் வால்வுகளை, அதாவது மோட்டார் சுற்றித் திறந்து மூடும் வால்வுகளை, சோதித்துத் தரும் ஒரு குழுவைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள் நிறுவனத்தின் பெயரும் நான் வேலை பார்க்கும் நிலையத்தின் பெயரும் வேண்டாம். சின்ன உலகம் இது, நாளைக்கே போன் வரும்.

பொதுவாக வால்வு சோதனை என்றால் என்ன செய்வோம்? குழாயில் தண்ணீர் ஓடாத நேரமாகப் பார்த்து, கன்ட்ரோல் ரூமில் பட்டனை அழுத்தச் சொல்வோம். வால்வு மூடும், திறக்கும். எத்தனை வினாடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. மோட்டார் சுற்றுகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. நிஜமாகவே ஒரு குழாய் உடைந்தால் அதே வால்வு, ஒரு பக்கம் அழுத்தம் தள்ள, உள்ளே தண்ணீர் சீறிக்கொண்டிருக்கும்போது மூட வேண்டும்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் 1985 ஜூன் 9 அன்று நடந்தது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நீராவி ஜெனரேட்டர்களுக்குப் போகும் தண்ணீர் நின்றுபோனது. பதற்றத்தில் ஆபரேட்டர் தவறான பட்டன்களை அழுத்த, அவசரத்துக்கு மாற்றுத் தண்ணீர் கொடுக்கும் குழாய்களின் வால்வுகள் மூடிக்கொண்டன. மறுபடி திறக்கச் சொன்னால் திறக்கவில்லை. முறுக்குவிசை ஓர் அளவைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்துவது டார்க் சுவிட்ச்; திறக்கத் தொடங்கும்போது அது குறுக்கிடாமல் வைப்பது பைபாஸ். வால்வின் இரு பக்கத்து அழுத்த வேறுபாட்டை எதிர்த்துத் திறக்கும் அளவுக்கு அந்த பைபாஸ் வைக்கப்பட்டிருக்கவில்லை. அழுத்தம் இல்லாமல் ஓட்டிப் பார்த்ததில் அது தெரியவும் இல்லை. ஆட்கள் ஓடிப்போய்க் கைச்சக்கரத்தைச் சுற்றித் திறந்தார்கள். 1989இல் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 89-10 என்ற கடிதம் அனுப்பி, இத்தகைய வால்வுகள் வடிவமைப்பில் கணக்கில் எடுத்த மோசமான நிலைமையிலும் வேலை செய்யும் என்று நிரூபிக்கச் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

சரி, இந்தக் குழுவுக்கு வருவோம். முதல் நாளே எனக்குப் பிடித்துப்போனது ஒரு விஷயம்: வால்வில் யாரும் கை வைக்கக்கூடாது என்றார்கள். எங்கள் ஃபோர்மேனுக்கு அது பொறுக்கவில்லை. “ஏம்மா, ஒரு தடவை ஓட்டிட்டு, தண்டுல கொஞ்சம் கிரீஸ் வச்சிட்டு ஆரம்பிச்சா என்ன?” என்றார். சென்சார் மாட்டிக்கொண்டிருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல், “விபத்து நேரத்துல கிரீஸ் வைக்க யாரு அண்ணே வருவா?” என்றார். அதற்கு மேல் ஃபோர்மேன் வாய் திறக்கவில்லை. சோதனைக்கு முன் வால்வை ஓட்டிப் பழக்குவது நான் பார்த்த இடங்களில் நடக்கிற வேலைதான். அதைச் செய்துவிட்டால் அளப்பது நேற்றைய வால்வை அல்ல, இப்போது துடைத்து வைத்த வால்வை.

தண்டில் விசை அளக்கும் சென்சார், மோட்டார் கேபிளில் கரண்ட் கிளாம்ப், டார்க் சுவிட்சுக்கு ஒரு வயர். எல்லாம் ஒரு லேப்டாப்பில் கோடாக ஓடும். முதலில் அழுத்தமில்லாமல் மூடினார்கள். தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கின் உராய்வு மட்டும் தட்டையாக ஒரு கோடு, கடைசியில் தண்ணீரை மறிக்கும் தகடான கேட் இருக்கையில் இறுகும்போது செங்குத்தாக ஒரு ஏற்றம், சுவிட்ச் கட். அழகான படம். அடுத்து பம்பை ஓட்டி, அழுத்த வேறுபாட்டோடு மூடினார்கள். பாதி வழியிலேயே கோடு மேலே ஏறத் தொடங்கியது. இறுகும் இடம் வந்ததும் அதே டார்க் சுவிட்ச் அதே அமைப்பில் கட் ஆனது, ஆனால் தண்டில் இறங்கிய விசை முதல் தடவையைவிடக் குறைவு. சுமை மெல்ல மெல்ல ஏறும்போது தண்டின் மரைக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கும் கிரீஸ் பிதுங்கிவிடுகிறது, உராய்வு கூடுகிறது என்று விளக்கினார்கள். பழைய கணக்குகளில் கேட்டின் உராய்வு எண்ணை 0.3 என்று போட்டிருப்பார்கள். எங்கள் வால்வில் அது 0.5க்குப் பக்கத்தில் வந்தது. மூடியது என்னவோ உண்மை. தேவைக்கு மேல் மிஞ்சும் கையிருப்பு விசைதான் பயமுறுத்தும் அளவுக்கு மெலிந்திருந்தது.

பிறகு தண்டைத் திறந்து காட்டினார்கள். மரையின் அடியில் கிரீஸ் காய்ந்து, காக்கி நிறத்தில், நகத்தால் சுரண்டினால் செதிலாக உரிந்தது. சுத்தம் செய்து புது கிரீஸ் வைத்து, டார்க் சுவிட்ச் அமைப்பைக் கூட்டி, மறுபடி அழுத்தத்தோடு ஓட்டினார்கள். சுவிட்ச் கட் ஆகும்போது தண்டில் இறங்கிய விசை இந்தத் தடவை கூடியிருந்தது.

இன்னொன்றும் கவனித்தார்கள். அவசர நேரத்தில் மின்னழுத்தம் குறையும். ஏசி மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிப்படி மாறும், அதாவது 80% மின்னழுத்தத்தில் 64% விசைதான் மிஞ்சும். சோதனை நாளில் முழு மின்னழுத்தத்தில் பாஸான வால்வு அவசர நாளில் பாதியில் நின்றுவிடலாம். இந்தக் கணக்கைக் கேட்காமலே அறிக்கையில் சேர்த்திருந்தார்கள்.

குறைகளும் உண்டு. அறிக்கை வரத் தாமதமானது. நினைவூட்டி நினைவூட்டி எனக்கே வெறுத்துப்போனது. கட்டணம் நம் ஊர் ஒப்பந்தக்காரர் கேட்பதைவிட நிறையவே அதிகம். ‘முழு விபத்து நிலைமை’ என்று விளம்பரத்தில் போடுவதை ஏற்க முடியாது: ஓடும் நிலையத்தில் குழாயை உடைத்துக் காட்ட முடியுமா? பம்ப் தரும் அழுத்தம் வரைதான் ஏற்றினார்கள், மீதி கணக்குப் போட்டு நீட்டியது. சூடான தண்ணீர் பீறிடும் சோதனை ஆய்வகத்தில் மட்டுமே சாத்தியம். நேரில் கேட்டபோது மழுப்பாமல் ஒப்புக்கொண்டார்கள், அந்த அளவுக்கு நேர்மை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கூப்பிடுவதாக இருந்தால் ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள்: அறிக்கைக்கு ஒரு கடைசித் தேதி, அப்புறம் பதிவான மூலத் தரவு நாமே திறக்கக்கூடிய வடிவத்தில். எங்களுக்கு வந்த கோப்புகள் அவர்களுடைய மென்பொருளில் மட்டும்தான் திறக்கின்றன.