அக்கா மகள் கல்யாணமும் நீலப் பூத் தேடலும்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்குக் கல்யாணம். வேலைகளைப் பங்கு போட்டபோது, "பூவை சித்தி பார்த்துக்கட்டும்" என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேடையும் கையில் பிடிக்கிற செண்டும் நீலமாக இருக்க வேண்டும். ஊதா கூடாது, கத்தரிப்பூ நிறமும் கூடாது. நீலம்.

குவளை, நெய்தல், காயா, கருவிளை என்று நீலப் பூவுக்கு நம் மொழியில் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. பூக்கடை வாசலில் போய் நின்றால்தான் பஞ்சம் தெரிகிறது. நெய்தல் பொழுது சாய்வதற்குள் கூம்பிவிடும். கருவிளை, அதாவது சங்குப்பூ, கண்ணைப் பறிக்கிற நீலம். ஆனால் காலையில் விரிந்த பூ மாலைக்குள் சுருண்டுவிடுகிறது. எங்கள் நிகழ்ச்சியோ மாலையில்.

கிளம்புவதற்கு முன்பே போனில் ஓர் அலங்காரக்காரரிடம் பேசி முன்பணமும் அனுப்பியிருந்தேன். "நீலம்தானே அக்கா, ஜமாய்ச்சிடலாம்" என்றார். அவர் அனுப்பிய படங்களில் மேடை முழுக்க மை நீலத்தில் ரோஜா. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். ரோஜாவில் இயற்கையாக நீலம் கிடையாது. நீலப் பூக்கள் பலவற்றில் இருக்கிற டெல்பினிடின் என்ற நிறமியைச் செய்யும் மரபணு அந்தச் செடிக்கு இல்லை. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி வளர்த்த ரோஜா 2009-ல் விற்பனைக்கு வந்தது. அதைக்கூட 'நீல ரோஜா' என்று பேருக்குத்தான் சொல்லலாம், பார்வைக்கு இளம் ஊதா. ஆகவே கடையில் மை நீலத்தில் ரோஜாவைப் பார்த்தால், அது சாயம் ஏற்றிய வெள்ளை ரோஜா.

ஊருக்கு வந்த நான்காம் நாள் மாதிரிச் செண்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். நீல ரோஜாவும் நீல ஆர்க்கிட்டும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் அக்கா மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள், படம் எடுத்துக்கொண்டாள், பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவள் உள்ளங்கை ரேகைகளுக்குள் நீலம் இறங்கியிருந்தது. வெள்ளைத் துப்பட்டாவில் விரற்கடை அகலத்துக்கு ஒரு கோடு. பூவின் மேல் தெளித்திருந்த தண்ணீரோடு சாயமும் சேர்ந்து வழிந்திருக்கிறது. இது கல்யாணப் புடவையில் நடந்திருந்தால் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சாயப் பூவைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. தண்டு வழியாகச் சாயத்தை உறிஞ்ச வைத்திருந்தால், தண்டை வெட்டிய வாயிலும் இலை நரம்புகளிலும் நீலம் ஓடியிருக்கும். மேலே தெளித்திருந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் இதழை லேசாகத் தடவினால் போதும், துணி சொல்லிவிடும். செண்டு, தலையில் வைக்கும் பூ, மாலை என்று உடம்பில் படுகிற எதையும் இந்தச் சோதனை செய்யாமல் வாங்காதீர்கள்.

அலங்காரக்காரரிடம் சொன்னேன். "எல்லாரும் இதைத்தானே வைக்கிறாங்க அக்கா" என்றார். சாயப் பூவே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். கை எட்டாத உயரத்தில் தொங்குகிற சரத்துக்கு அது தாராளமாகப் போதும். சாயம் என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் மனத்தாங்கல். கடைசியில் மேடையின் பின்புறத்தை மட்டும் அவரிடம் விட்டேன். செண்டுக்கும் மேடை முன்புறத்துக்கும் வேறு ஆள் தேடினேன்.

கிடைத்தவர் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். என்ன பூ வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. "எத்தனை மணிக்குமா? எத்தனை மணி நேரம் நிக்கணும்? லைட்டு மஞ்சளா வெள்ளையா?" இந்த மூன்றையும்தான் கேட்டார். இத்தனை நாள் நான் பேசியவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு நிம்மதி வந்துவிட்டது.

அவர் தேர்ந்து கொடுத்தது பந்து மாதிரி கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவும், நீளக் காம்பில் அடுக்காகப் பூக்கும் டெல்பினியமும், இடையிடையே காகிதம் மாதிரி சின்னப் பூக்களுள்ள ஸ்டாட்டிஸும். மூன்றுமே பிறவி நிறம். ஹைட்ரேஞ்சியாவில் இதழ் என்று நாம் நினைப்பவை உண்மையில் புல்லிதழ்கள், அதாவது மற்றப் பூக்களில் மொட்டை மூடியிருக்கும் வெளி இதழ்கள். ஒரே செடி புளிப்பு மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கும், சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். அதனால் ஒரே கட்டுக்குள்கூட ஒரு கொத்து வானநீலமாகவும் இன்னொன்று ஊதா தட்டியும் இருக்கலாம். "கட்டைப் பிரிச்சுப் பாத்து எடுங்க, பிரிக்காம எடுக்காதீங்க" என்று அவரே சொன்னார். பன்னிரண்டு கொத்தில் நான்கை ஒதுக்கினேன், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

அந்தப் பூவுக்குத் தண்ணீர்தான் உயிர். முந்தின நாள் மதியம் கடைக்குப் போனபோது இரண்டு கொத்து தலை தொங்கிக் கிடந்தன. எனக்குப் பகீர் என்றது. அவர் பதறவில்லை. தண்டு நுனியைச் சரிவாக வெட்டினார், பூவைத் தலைகீழாக வாளித் தண்ணீரில் முழுசாக அமிழ்த்தினார், மிதக்காமல் இருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தார். டீ குடித்துவிட்டு, மற்ற பூக்களைப் பார்த்துவிட்டு வந்து எடுத்தோம். விறைப்பாக நிமிர்ந்திருந்தது. ஹைட்ரேஞ்சியா தண்டால் மட்டுமல்ல, முகத்தாலும் குடிக்கும் என்றார்.

டெல்பினியத்துக்கு வேறு எதிரி. பழுக்கிற பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் இதழ் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இது தெரியாமல் வீட்டில் யாரோ ஒரு குடத்தைப் பழக்கூடைகள் இருந்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். காலையில் தரையெல்லாம் நீலம், குடத்தில் பாதிக்கு மேல் மொட்டைக் காம்பு. நல்லவேளை, பெரியவர் சில கொத்து கூடுதலாகவே கட்டியிருந்தார். ஒன்று மட்டும் கவனியுங்கள், டெல்பினியம் நஞ்சுள்ள செடி. சாப்பாட்டுத் தட்டிலோ கேக்கிலோ அலங்காரத்துக்கு வைத்துவிடாதீர்கள்.

அடுத்து வெளிச்சம். பெரியவர் சொன்னபடி முந்தின இரவே ஒரு கொத்தை மண்டபத்துக்கு எடுத்துப் போய் மேடை விளக்கைப் போடச் சொன்னேன். பகலில் வானமாக இருந்த பூ மஞ்சள் குண்டு விளக்கின் கீழ் சாம்பல் பூத்துப் போனது. டெல்பினியத்தின் கரு நீலமோ பின்னால் இருட்டோடு கலந்துவிட்டது. மஞ்சள் விளக்கில் நீல ஒளி குறைவு, பூ எதைத்தான் திருப்பிக் காட்டும்? விளக்குக்காரத் தம்பி முதலில் சலித்துக்கொண்டாலும், கொத்தை அவர் கையிலேயே கொடுத்து இரண்டு வெளிச்சத்திலும் பார்க்கச் சொன்னதும், மறுபேச்சில்லாமல் மேடைக்கு மட்டும் வெள்ளை விளக்கு மாற்றினார். கரு நீலப் பூக்களுக்குப் பின்னால் வெள்ளைப் பூக்களை நெருக்கி வைத்தோம். வெளிர் நீலத்துக்கு அது தேவைப்படவில்லை. படம் எடுப்பவரும் அதே கொத்தைச் சோதனைப் படம் எடுத்து நிறத்தைச் சரிசெய்துகொண்டார். சில நீலப் பூக்கள் கேமராவில் ஊதாவாக விழும், கல்யாணம் முடிந்து ஆல்பத்தில் பார்த்து வருந்தி என்ன பயன்?

செண்டை அவளிடம் கொடுப்பதற்கு முன்பு பழக்கதோஷத்தில் ஈரக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துப் பார்த்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. மூன்று மணி நேரம் கையில் பிடித்திருந்தாள், மேடையிலிருந்து இறங்கியதும் நேராக என்னிடம் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

முதல் அலங்காரக்காரர் பாதி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். பெரியவரிடம் மறுநாள் நன்றி சொல்லப் போனேன். மிச்சப் பூவை என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார். ஸ்டாட்டிஸைத் தலைகீழாகக் கட்டி நிழலில் தொங்கவிட்டால் நிறம் போகாமல் காயும் என்று சொல்லி அனுப்பினார். கிளம்பும் நாளில் அது அக்கா வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, தொட்டால் காகிதம் மாதிரி சரசரவென்று.