ஃபோகஸ் வைத்த இடத்தைத்தான் ஃபிளாஷ் அளக்கிறதா?

கடலூரில் கல்யாணப் படம் எடுப்பவர்களுக்குத் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் பழகிய இடம். முகூர்த்த நாளில் ஒரு ஜோடி எழுந்ததும் அடுத்த ஜோடி உட்காரும். வெள்ளை வேட்டி, ஜரிகைப் புடவை, பின்னால் இருண்ட கல்தூண். ஃபிளாஷ் கணக்கு எங்கே பிசகும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கேனான் 10டி கேமராவில் தொடங்கி இப்போது 6டி கேமரா வரை இங்கே எடுத்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஃபோகஸ் சென்சார் ஃபிளாஷ் வெளிச்சத்தை அளப்பதே இல்லை. அது கேமராவுக்குள் அடிப்பக்கம் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் சென்சார் மேலே, வியூஃபைண்டர் பக்கம். பட்டனை முழுதாக அழுத்தியதும், கண்ணாடி எழும்பும் முன்பு ஃபிளாஷ் லேசாக ஒருமுறை மின்னும். அந்த ப்ரீஃபிளாஷ் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை மேல் சென்சார் கட்டம் கட்டமாக அளக்கும். எந்தக் கட்டத்துக்கு மதிப்பு அதிகம் என்பதில்தான் ஃபோகஸ் புள்ளி உள்ளே வருகிறது.

10டியில் இருந்த பழைய இ-டிடிஎல் (ப்ரீஃபிளாஷை அளந்து ஃபிளாஷ் அளவை முடிவு செய்யும் கேனான் முறை) அந்தப் புள்ளியை ரொம்பவே நம்பும். நடுப்புள்ளியில் மாப்பிள்ளை முகத்தை ஃபோகஸ் செய்து, ஃபிரேமை நகர்த்தி அழுத்தினால், அளக்கும் நேரத்தில் புள்ளி தூணில் நிற்கும்; இருட்டு என்று நினைத்து ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்ட, முகம் வெளுத்துப்போகும். வேட்டியில் நின்றால் முகம் இருண்டுவிடும்.

2004-இல் வந்த இ-டிடிஎல் 2 புள்ளியை நம்பியிருப்பதில்லை. ப்ரீஃபிளாஷுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு மாறியது என்று ஒப்பிடும். குத்துவிளக்கு மாதிரி அளவுக்கு மீறிப் பளபளக்கும் கட்டத்தை ஒதுக்கிவிடும். லென்ஸ் சொல்லும் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளும். (தூரத்தைச் சேர்க்கும் வேலையை நிக்கான் 1992-இலேயே எஃப்90 கேமராவில் செய்துவிட்டது.) ஃபிளாஷ் தலையை மேலே திருப்பினால் மட்டும் அந்தத் தூரம் உதவாது, வெளிச்சம் கூரைக்குப் போய்ச் சுற்றி வருகிறதே.

இருந்தாலும் தாலி கட்டும் நேரத்தில் நான் நம்புவது கேமராவில் * குறி போட்ட ஸ்டார் பட்டனைத்தான். முகத்தை நடுவில் வைத்து அதை அழுத்தினால் ப்ரீஃபிளாஷ் அப்போதே அடித்து, நடுவட்டத்தை மட்டும் அளந்து பூட்டிவிடும். அப்புறம் ஃபிரேமை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஒரே தொல்லை, அந்த மின்னலைப் பார்த்ததும் படம் எடுத்தாயிற்று என்று பெரியவர்கள் கலைய ஆரம்பிப்பார்கள். "இருங்க தாத்தா, இனிமேதான் எடுக்கணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கும் அந்த சென்சார், எதைக் கண்டாலும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நடுச்சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த முகத்தில் பூட்டினால் படத்தில் வெளுப்பாக வரும். அதனால் ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபிளாஷ் காம்பன்சேஷனை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து வைக்கிறேன். பெண்ணின் நிறம் அவள் நிறமாகவே ஆல்பத்தில் வர வேண்டும்; வெளுப்பாக்கித் தரச் சொன்னாலும் நான் செய்வதில்லை.