எஃப்.சி. 25 ரிவியூ: கேம் நல்லம், ஆனா ஓவரால் நம்பரை மட்டும் பாத்து டீம் போடாதீங்க

ஈ.ஏ. கம்பனியின்ர ஃபுட்போல் வீடியோ கேம் எஃப்.சி. 25ல (முந்தி ஃபிஃபா எண்ட பேரில வந்த தொடர்) கிராஃபிக்ஸ் எப்பிடி, கமெண்ட்ரி எப்பிடி எண்டு சொல்ல நிறைய ஆக்கள் இருக்கிறாங்க. நான் கதைக்கப் போறது ஒரேயொரு விஷயம்தான், ஒவ்வொரு பிளேயரின்ர கார்டிலயும் மூலையில பெரிசாப் போட்டிருக்கிற, ஆள் மொத்தத்தில எவ்வளவு நல்லம் எண்டு சொல்லுற அந்த ஓவரால் நம்பர். வெள்ளவத்தையில கேம் கடையெண்டாலும் சரி, கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டு ஹாலில ரெண்டு கன்ட்ரோலரை வைச்சு நாலு பேர் மாறி மாறி விளையாடினாலும் சரி, டீம் எடுக்கேக்க எல்லாரும் பாக்கிறது அதைத்தான், சண்டை பிடிக்கிறதும் அதுக்குத்தான். 2024 செப்டம்பர் 27ல வந்த கேம், அடுத்தது வந்திட்டதால இப்ப டிஸ்க் செகண்ட் ஹேண்டில லேசாக் கிடைக்குது, புதுசா வேண்டுற பொடியளும் கூட, அவங்களுக்காகத்தான் இவ்வளவு விரிவா எழுதுறன்.

மான்செஸ்டர் சிட்டி மிட்ஃபீல்டர் ரொட்ரியை எடுப்பம். ஓவரால் 91, எம்பாப்பே, ஹாலண்ட் ரெண்டு பேருக்கும் அதே 91தான். இப்ப கார்டில கீழ இருக்கிற ஆறு நம்பரையும் பாருங்க. பேஸ் (ஓட்ட வேகம்) 66, ஷூட்டிங் 80, பாஸிங் 86, டிரிப்ளிங் 84, டிஃபெண்டிங் 87, ஃபிசிக்கல் 85. ஒண்டு கூட 90ஐத் தொடேல்ல. ஆறையும் கூட்டி ஆறால பிரிச்சா 81தான் வருது. "அண்ணா, ஒண்டிலயும் 91 இல்லை, பிறகெப்பிடி மொத்தம் 91 வரும், பிழையாப் போட்டுட்டாங்களா?" எண்டு எங்கட லேனில இருக்கிற ஒரு தம்பி கேட்டான். அருமையான கேள்வி அது, வருஷக்கணக்கா இந்த கேம் விளையாடுற எத்தினையோ பேர் இதை யோசிச்சே பாத்திருக்க மாட்டாங்க.

பிழை இல்லை. ஓவரால் அந்த ஆறு நம்பரில இருந்து வாறதே இல்லை, அவ்வளவுதான் விஷயம். அந்த ஆறும் சும்மா ஒரு சுருக்கம். உள்ளுக்க முப்பதுக்கு மேல ஆட்ரிபியூட் இருக்கு, ஷார்ட் பாஸ், லோங் பாஸ், ரியாக்ஷன், இன்டர்செப்ஷன், ஃபினிஷிங், ஜம்ப்பிங் எண்டு ஒவ்வொண்டுக்கும் 99 வரைக்கும் ஒரு நம்பர். அதுகளை ஒரு விதமாக் கூட்டினா கார்டில தெரியிற ஆறும் வரும், வேற விதமாக் கூட்டினா ஓவரால் வரும், ரெண்டாவது கணக்கில எதுக்கு எவ்வளவு வெயிட் எண்டது பொசிஷனுக்குப் பொசிஷன் மாறும். ரொட்ரி விளையாடுற டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்ட் இடத்துக்கு ஷார்ட் பாஸுக்கும் இன்டர்செப்ஷனுக்கும் 14% அளவில, ஸ்டாண்டிங் டாக்கிளுக்கு 12%, லோங் பாஸுக்கும் போல் கன்ட்ரோலுக்கும் 10% படி, மிச்சம் ரியாக்ஷன் மாதிரிச் சிலதுக்கு, ஆனா ஓட்டத்துக்கும் ஷூட்டிங்குக்கும் ஒண்டுமே இல்லை. அவற்ற ஷார்ட் பாஸும் ரியாக்ஷனும் 90ஐத் தாண்டினது, அதுகள்தான் அவரைத் தூக்குது, 66 பேஸ் ஒரு புள்ளியைக் கூட இறக்கேல்ல. டெஸ்டில 800 விக்கெட் எடுத்த முரளியை அவற்ற பேட்டிங் ஆவரேஜைப் பாத்தா அளக்கிறம்? அதே நியாயம்தான் இங்கயும்.

ஒண்டு சொல்லோணும், இந்த வீதம் எல்லாம் ஈ.ஏ. பெட்டியில அச்சடிச்சுத் தந்தது இல்லை, பழைய ஃபிஃபா கேம்களின்ர டேட்டாபேஸைக் கிண்டிக் கிண்டி ரசிகர்கள் எடுத்த கணக்கு. வருஷத்துக்கு வருஷம் அங்க இங்க கொஞ்சம் மாறலாம், பொசிஷனுக்கு வேற வேற வெயிட் எண்ட அடிப்படை மாறாது.

ஸ்ட்ரைக்கர் கணக்கைப் பாத்தாத்தான் உண்மையில கண் திறக்கும். ஃபினிஷிங் 18%, பொசிஷனிங் 13%, ஹெடிங், ஷாட் பவர், போல் கன்ட்ரோல் மூண்டுக்கும் பத்துப் பத்து, ரியாக்ஷன் 8%, டிரிப்ளிங் 7%, மிச்சம் சின்னச் சின்னதா. இதில ஸ்பிரிண்ட் ஸ்பீட் (உச்ச வேகம்) 5%, ஆக்ஸிலரேஷன் (வேகம் பிடிக்கிறது) 4%, அதாவது ஓட்டம் எண்டு பாத்தா மொத்தமே 9% தான். ரெண்டு ஸ்ட்ரைக்கர் எல்லாத்திலயும் ஒரே மாதிரி, ஒராள் மட்டும் ஓட்டத்தில பத்துப் புள்ளி கூட எண்டு வைச்சுக்கொள்ளுங்க, ஓவரால்ல வித்தியாசம் ஒரு புள்ளி கூட முழுசா வராது, 0.9 தான். ஹெடிங் மட்டும் பத்துக் கூடின ஆளுக்கு சரியா ஒரு புள்ளி கூடும். ஆனா கிரவுண்டுக்குள்ள எது உங்களுக்குக் கோல் அடிச்சுத் தருது? ஆன்லைன்ல விளையாடுற எவனையும் கேளுங்க, ஓட்டம் எண்டுதான் சொல்லுவான். அஜிலிட்டியும் பேலன்ஸும் ஸ்ட்ரைக்கர் கணக்கில சேரவே இல்லை, ஒராள் சட்டெண்டு திரும்புறானா, கப்பல் மாதிரித் திரும்புறானா எண்டது அதுகளிலதான் இருக்கு.

பேஸ் எண்ட நம்பருக்குள்ளயே இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஸ்பிரிண்ட் ஸ்பீட் 55%, ஆக்ஸிலரேஷன் 45%, ரெண்டும் சேந்துதான் பேஸ். ஒராளுக்கு ஆக்ஸிலரேஷன் 90, ஸ்பிரிண்ட் 80 எண்டா 84.5 வரும், மற்ற ஆளுக்கு அதை அப்பிடியே திருப்பிப் போட்டா 85.5 வரும். கார்டில பாத்தா ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி. முதலாவது ஆளை விங்கில போட்டுப் பாருங்க, முதல் மூண்டு நாலு அடியிலயே பேக்கைத் தாண்டிடுவான், ரெண்டாவது ஆளுக்கு நீட்டு த்ரூ போல் குடுத்து ஓட இடம் விட்டாத்தான் வேலை நடக்கும். இதுக்கு மேல ஆக்ஸிலரேட் எண்டு ஒரு முறை ஃபிஃபா 23ல இருந்து வந்திருக்கு, உயரமும் ஸ்ட்ரெங்த்தும் எல்லாம் சேந்து ஒராள் எக்ஸ்ப்ளோசிவ்வா (சட்டெண்டு வேகம் பிடிச்சு) ஓடுவானா லெங்தியா (மெல்ல வேகம் பிடிச்சு நீட்டுக்கு) ஓடுவானா எண்டு பிரிக்கிறது, ஓவரால் நம்பரைப் பாத்து இதைப் பிடிக்க வழியே இல்லை.

சென்டர் பேக்தான் எனக்குப் பெரிய மனக்குறை. டாக்கிள் 17, மார்க்கிங் 14, இன்டர்செப்ஷன் 13, ஹெடிங், ஸ்லைடிங், ஸ்ட்ரெங்த் பத்துப் பத்து, ஸ்பிரிண்ட் ஸ்பீட் வெறும் 2%, ஆக்ஸிலரேஷன் கணக்கிலயே இல்லை. என்ன நடக்குமெண்டா, 86, 87 எண்டு போட்டிருக்கிற ஒராளை நம்பி நடுவில நிப்பாட்டுவீங்க, லைனையும் உயத்தி வைப்பீங்க, எதிர்ப்பக்கத்தில 97 பேஸ் எம்பாப்பே நிப்பார், ஹாஃப் லைனில இருந்து முக்கோண பட்டனை அமத்தி ஒரு த்ரூ போல் விட்டா பந்து உங்கட ஆளின்ர தோளுக்கு மேலால போகும், அவர் திரும்பி முடிக்கிறதுக்கிடையில எம்பாப்பே பொக்ஸுக்குள்ள, கீப்பர் தனிய. ஹாலில பக்கத்தில இருக்கிறவன் "என்னடா 87 போட்டிருக்கு?" எண்டு கத்துவான். அந்த 87 பொய் இல்லை, அது டாக்கிள் அடிக்கிறதுக்கும் தலையால முட்டுறதுக்கும் குடுத்த மார்க், ஓடிப் பிடிக்கிறதுக்குக் குடுத்தது இல்லை. அல்டிமேட் டீம்ல (கார்ட் வேண்டி வித்து டீம் கட்டுற மோட்) ஓட்டம் உள்ள 83, 84 சென்டர் பேக் மெதுவான 87ஐ விட விலை போறதும் இதாலதான்.

கோல்கீப்பருக்கு டைவிங், ஹேண்ட்லிங், ரிஃப்ளெக்ஸ், பொசிஷனிங் நாலும் 21% படி, ரியாக்ஷன் 11%, கிக்கிங் 5%. பின்னால இருந்து பாஸ் பண்ணி விளையாடுற ஆளெண்டா அந்த அஞ்சு வீதத்தைத் தனியாத் தேடிப் பாருங்க.

ஓவரால்ல சேராத சாமான் இன்னும் இருக்கு. வீக் ஃபுட் (பழக்கமில்லாத கால்) நட்சத்திரம், ஸ்கில் மூவ் நட்சத்திரம், எஃப்.சி. 24ல கொண்டுவந்த பிளேஸ்டைல் (ஒராளின்ர தனித் திறமை) ஒண்டும் கணக்கில இல்லை. ஆனா ஃபைனெஸ் ஷாட் பிளஸ் உள்ள ஒராள் பொக்ஸுக்கு வெளியில இருந்து வளைச்சு அடிக்கிறதைப் பாத்தீங்களெண்டா நம்பரை மறந்திடுவீங்க. மற்றப் பக்கம், சேரக் கூடாத ஒண்டு சேருது, இன்டர்நேஷனல் ரெப்யூட்டேஷன், அதாவது பேர். ஒண்டில இருந்து அஞ்சு நட்சத்திரம், கூடின ஆளுக்குக் கணக்கு முடிஞ்ச பிறகு மேலால கொஞ்சப் புள்ளி போடுறாங்க. பேர் பெரிசு எண்டதுக்காக ஏன் புள்ளி? பந்துக்கு ஆளின்ர பேர் தெரியுமா? எனக்கு இதில கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

சரி, அந்தக் குட்டி நம்பர் எல்லாம் ஆர் போடுறது? மெஷின் போடுறது எண்டு கனபேர் நினைக்கிறாங்க. 2016ல, ஃபிஃபா 17 காலத்தில, டேட்டா பகுதிக்குப் பொறுப்பா இருந்த மைக்கேல் முல்லர்-மோரிங் ஈ.எஸ்.பி.என்.னுக்கு விளக்கியிருந்தார், உள்ளுக்க 25 பேர், வெளியில 400 பேர் அளவில, அதுக்கும் மேல பிளேயர்களைப் பாத்து அபிப்பிராயம் சொல்ல 9,000 பேருக்கு மேல, கோச், ஸ்கவுட், சீசன் டிக்கெட் வைச்சிருக்கிற ரசிகர் எண்டு எல்லாரும் அதில அடக்கம். இது எனக்கு நல்லாப் பிடிச்ச விஷயம். வெறும் ஸ்டாட்ஸை வைச்சுப் போட்டா ரெண்டாம் டிவிஷன்ல முப்பது கோல் அடிச்சவன் பிரீமியர் லீக்ல பதினைஞ்சு அடிச்சவனை விடப் பெரிய ஆளா வந்திடுவான், கிரவுண்டில இருந்து பாக்கிற மனுசக் கண் இருந்தாத்தான் அதைச் சரி செய்யலாம். ஆனா அதே காரணத்தால ஒராள் எந்த லீக்ல விளையாடுறான், அதை எத்தினை பேர் பாக்கிறாங்க எண்டதும் நம்பருக்குள்ள வந்திடுது. இந்தியாவின்ர ஐ.எஸ்.எல். ஃபிஃபா 22ல சேந்தது, எங்கட இலங்கை டீமும் இல்லை, எங்கட லீக்கும் இல்லை. சுகததாச ஸ்டேடியத்தில பின்னேரம் போய் இருந்து பாத்தீங்களெண்டா தெரியும், 60க்கு மேல போடக் கூடிய பொடியள் எங்களிட்டயும் இருக்கிறாங்க, அவங்களைப் பாத்து எழுத அந்தக் கூட்டத்தில ஆள்தான் இல்லை.

மற்றக் கேம்களோட ஒப்பிட்டாலும் இதே கதைதான், விதம் வேற. போனில இங்க கனபேர் விளையாடுற ஈஃபுட்போல்ல ஒரே பிளேயருக்குப் பல கார்ட், லெவல் ஏறேக்க புள்ளியை எதில போடுறது எண்டு நீங்களே தீர்மானிக்கிறது, அதால உங்கட மெஸ்ஸியும் சிநேகிதன்ர மெஸ்ஸியும் ஒரே ஆள் இல்லை. பி.இ.எஸ். 6 (ஈஃபுட்போலின்ர பழைய பேரில வந்த கேம்) காலத்து ஆக்களுக்கு பிரேசில் ஸ்ட்ரைக்கர் அட்ரியானோவின்ர 99 ஷாட் பவர் இண்டைக்கும் ஞாபகம், அவற்ற ஓவரால் என்னெண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, பிளேயரைப் பாக்கிற சரியான முறை அதுதான் எண்டு நான் நினைக்கிறன். ஃபுட்போல் மேனேஜர் இன்னும் நேர்மை, ஆட்ரிபியூட் எல்லாம் 20க்கு, உள்ளுக்க 200க்கு ஒரு கரண்ட் அபிலிட்டி, ஒரு பொட்டென்ஷியல் அபிலிட்டி, அது ரெண்டையும் விளையாடுற ஆளுக்குக் காட்டுறதே இல்லை, ஸ்கவுட்டை அனுப்பி நீங்களே மட்டுக்கட்டோணும்.

அப்ப எஃப்.சி. 25 வேண்டலாமா? தாராளமா வேண்டலாம். விளையாட்டுக்கு நான் பத்துக்கு எட்டுக் குடுப்பன், அந்த ஓவரால் நம்பரைக் காட்டுற விதத்துக்கு அஞ்சுதான், கணக்குப் பிழையெண்டு இல்லை, எந்தப் பொசிஷனுக்கு எதைப் பாத்துப் போட்டது எண்டு கார்டில ஒரு வரி கூடச் சொல்லாததுக்கு. நீங்க செய்யவேண்டியது, பிளேயர் விபரத்தைத் திறந்து உள்ளுக்க இருக்கிற நம்பரைப் பாக்கிறது. சென்டர் பேக் எண்டா ஸ்பிரிண்ட் ஸ்பீட், ஸ்ட்ரைக்கர் எண்டா ஃபினிஷிங்கோட ஆக்ஸிலரேஷன், அஜிலிட்டி, வீக் ஃபுட், நடு மிட்ஃபீல்ட் எண்டா ஷார்ட் பாஸும் ஸ்டாமினாவும். சோஃபிஃபா தளத்தில எல்லாமே வரிசையாக் கிடக்கு, பஸ்ஸில போகேக்கயே பாத்து முடிச்சிடலாம்.

செகண்ட் ஹேண்டில எடுக்கிறாக்கள் கவரை வடிவாப் பாத்து எடுங்க. பிஎஸ்4 டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5ல ஓடும், பிஎஸ்5 டிஸ்க் பிஎஸ்4ல ஓடாது. பிஎஸ்5 வெர்ஷன்ல ஹைப்பர்மோஷன் எண்ட அசைவுத் தொழில்நுட்பம் இருக்கிறதால ஓட்டமும் உடம்பு அசைவும் இன்னும் உண்மையாத் தெரியும், ரேட்டிங் ரெண்டிலயும் ஒண்டுதான்.