ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்: தனி ஆட்டமா, ஐவர் குழுவா?

இசைக்கேற்பக் கையில் கருவியோடு ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில், தனி ஆட்டத்துக்குத் தேறாத பெண்ணைக் குழுவில் போடுவார்கள் என்றொரு பேச்சு உண்டு. இத்தாலியில் அது எடுபடாது. ‘ஃபர்ஃபாலே’, அதாவது பட்டாம்பூச்சிகள், என்று செல்லப்பெயர் பெற்ற அவர்களுடைய குழு டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வாங்கியது. தளம் இரண்டுக்கும் ஒன்றுதான், 13 மீட்டர் சதுரம். அதில் செய்யும் வேலைதான் வேறு.

தனிப் பிரிவில் வளையம், பந்து, கிளப் (கைக்கட்டை), ரிப்பன் என்று நான்கு ஆட்டம், ஒவ்வொன்றும் ஒன்றேகால் முதல் ஒன்றரை நிமிடம். குழுவுக்கு இரண்டே ஆட்டம், ஒவ்வொன்றும் இரண்டேகால் முதல் இரண்டரை நிமிடம். ஒன்றில் ஐவர் கையிலும் ஒரே கருவி, மற்றதில் கலப்பு. பாரிஸில் 5 வளையம், அடுத்து 3 ரிப்பனும் 2 பந்தும். 2025இல் அது 5 ரிப்பன் என்றும், 3 பந்தும் 2 வளையமும் என்றும் மாறியது. கருவி மாறினால் பழகிய ஆட்டம் குப்பைக்குத்தான்; முதல் எறிதலிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும்.

கருவி கைதவறினால் என்ன ஆகும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. இருந்த இடத்திலேயே எடுத்தால் 0.50 கழிவு, ஓரிரு அடி நகர்ந்தால் 0.70, மூன்று அடியோ அதற்கு மேலோ போனால் 1.00. தனியாக ஆடுபவர் இன்னும் மூன்று ஆட்டத்தில் அதை ஈடுகட்டப் பார்க்கலாம். குழுவில் மிச்சம் ஒன்றுதான். அதோடு, ஐவரும் கருவி மாற்றிக்கொள்ளும் பரிமாற்றத்தில் ஒருத்தி நழுவவிட்டால் அந்தப் பரிமாற்றத்தின் மதிப்பெண்ணே ஐவருக்கும் போய்விடும். பாரிஸில் சீனா 69.800, இஸ்ரேல் 68.850, இத்தாலி 68.100. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது, மூன்று அடி ஓடி எடுக்கும் ஒரு நழுவலின் கழிவுகூட இல்லை. தனிப் பிரிவில் ஜெர்மனியின் தார்யா வர்ஃபலோமேயெவ் 142.850, பல்கேரியாவின் போர்யானா காலெய்ன் 140.600, அங்கே மூச்சுவிட இடமிருந்தது.

ரிப்பனும் பந்தும் கலந்த பரிமாற்றத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பந்து 400 கிராமாவது இருக்கும், நேராகப் போய் விழும். ரிப்பன் 6 மீட்டர் நீளம், எடை 35 கிராம் அளவு. குச்சி முன்னே போக, வால் காற்றை இழுத்துக்கொண்டு பின்னே வரும். இரண்டையும் ஒரே தாளத்தில் ஒரே மாதிரி எறிந்தால் ஒரே தாளத்தில் கைக்கு வராது. உயரத்தையோ, கைவிடும் கணத்தையோ மாற்றித்தான் சரிக்கட்ட முடியும். அரங்கின் ஏசி காற்று ரிப்பனைத் தள்ளினால் பந்து வந்துவிடும், ரிப்பன் வராது. அதனால் பிடிப்பவர் குச்சியைப் பார்த்து ஓடப் பழகுகிறார். வாலைப் பார்த்தால் ஏமாந்துபோவார். வளையத்தில் தொல்லை வேறு மாதிரி: கைவிடும்போது சாய்ந்தால் பறக்கையில் தள்ளாடும், பக்கத்து வளையத்தில் இடிக்கும்.

எத்தனை வருடம் ஆடலாம்? இங்கே குழுவின் கை ஓங்கியிருப்பதாகவே தெரிகிறது. எலிசா சந்தோனி 2004 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய இத்தாலியக் குழுவில் இருந்தார், 2012இல் வெண்கலம் வாங்கியபோதும் இருந்தார். ரஷ்யாவின் அனஸ்தாசியா பிளிஸ்ன்யுக் 2012, 2016 இரண்டிலும் தங்கம், டோக்கியோவில் வெள்ளி. தனிப் பிரிவில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற எவ்கேனியா கனாயேவா 22 வயதில் விடைபெற்றார். ஸ்பெயினின் அல்முதேனா சித் 1996 முதல் 2008 வரை நான்கு ஒலிம்பிக்கில் தனியாக ஆடினார், அது அபூர்வம்.

சம்பளத்தில் இத்தாலிக்குள் பெரிய பிரிவினை இல்லை. குழுவினர் விமானப்படை விளையாட்டுப் பிரிவில், பாரிஸில் தனிப் பிரிவில் வெண்கலம் வென்ற சோஃபியா ரஃபாயேலி காவல்துறை விளையாட்டுப் பிரிவில். இந்த ஏற்பாடு இல்லாத நாடுகளில் தனி வீராங்கனைக்குச் செலவு கூடுதல்: நான்கு இசை, நான்கு லியோடார்ட் (ஆட்ட உடை), நான்கு நடன அமைப்பு. ஆனால் அவர் தன் ஊரில், தன் பயிற்சியாளரோடு இருக்கலாம். பாரிஸுக்குத் தயாரான இத்தாலியக் குழுவுக்கு மிலான் பக்கத்துத் தேசியோதான் வீடாக இருந்தது.

இடக் கணக்கைப் பலர் பார்ப்பதில்லை. பாரிஸில் தனிப் பிரிவுக்கு 24 பேர், ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இருவர். குழுவுக்கு 14 நாடுகள், தலா ஐவர். ஆக ஒரு நாடு அனுப்பக்கூடிய ஏழு பேரில் ஐந்து இடம் குழுவுடையது.

பதினைந்து வயதில் முடிவெடுக்கும் பெண்ணுக்கு வளைவையும் தாண்டலையும் மட்டும் அளந்து பயனில்லை. வளையத்தைப் பத்து முறை தோழிக்கு எறியச் சொல்லுங்கள். தோழி நின்ற இடத்திலேயே எத்தனை பிடிக்கிறாள் என்று எண்ணுங்கள். தனக்குத் தானே எறிந்து பிடிப்பதில் கெட்டிக்காரி, தோழியைப் பத்து முறையும் ஓடவிடுகிறாள் என்றால், தனி ஆட்டமே அவளுக்கு ஏற்றது. குழுவுக்கே போவதானால், சேர்க்கும்போது நிரந்தர இடமா, மாற்று இடமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மாற்று வீராங்கனை பிறருடைய இடங்களையும் பழகிவைக்க வேண்டும், ஒரு இடத்தில் வலக்கைப் பிடி, இன்னொன்றில் இடக்கை. ஒலிம்பிக் பட்டியலிலோ ஐந்து பெயருக்கு மேல் இடமில்லை.